வாக்ஸ் டப்பாவ அப்புறம் திறக்கலாம்: கார் பெயிண்ட் கேள்வி பதில்

கார் பாலிஷ், வாக்ஸ் வேலைல எனக்கு 14 வருஷம் ஆச்சு. இன்னிக்கு சாயங்காலம் சும்மாதான் இருக்கேன், கேளுங்க. பெயிண்ட் சம்பந்தமா மட்டும் கேளுங்க, மைலேஜ் டயர் எல்லாம் எனக்கு தெரியாது.

கருப்பு செடான்: அண்ணே, மூணு வருஷ வண்டி, கருப்பு கலர். எந்த வாக்ஸ் போட்டாலும் ரெண்டு வாரத்துல மங்கிடுது. நல்ல வாக்ஸ் ஒண்ணு சொல்லுங்க.

வாக்ஸ் மேல தப்பு இல்லைங்க. வண்டிய நல்லா கழுவி காயவிட்டு, ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் கவர கைல மாட்டிக்கிட்டு பானட் மேல லேசா தடவிப் பாருங்க. வெறுங்கைக்கு தெரியாதது கவர் வழியா தெரியும். கரகரன்னு இருந்தா அது பிரேக்ல இருந்து பறக்கற இரும்புத் தூள், தார், மரப்பால், எங்கயோ பெயிண்ட் அடிச்சப்ப பறந்து வந்த துளி, எல்லாம் கிளியர்கோட்ல, அதாவது கலருக்கு மேல இருக்கற நிறமில்லாத பெயிண்ட் பூச்சுல, ஒட்டிக் கெடக்குன்னு அர்த்தம், ஷாம்பு போட்டு கழுவினா அது போகாது, அது மேல வாக்ஸ் போட்டா வாக்ஸ் பெயிண்ட புடிக்காம அழுக்கத்தான் புடிக்கும், அப்புறம் ரெண்டு வாரத்துல போகாம என்ன பண்ணும்?

அதனால முதல்ல ரெண்டு பக்கெட்டு, ஒண்ணுல ஷாம்பு தண்ணி, இன்னொண்ணுல கைஉறைய அலச வெறும் தண்ணி. கழுவினதும் அயர்ன் ரிமூவர் அடிங்க, இரும்புத் தூள் இருக்கற இடமெல்லாம் ஊதா கலர்ல வழியும், நாத்தம் குடலப் பிடுங்கும், பயப்படாதீங்க. காய விடாம அலசிடணும். அதுக்கப்புறம் கிளே பார், அதாவது ஒட்டின அழுக்க இழுத்து எடுக்கற களிமண் கட்டி, வழுக்கறதுக்கு லூப்ரிகன்ட் தாராளமா அடிச்சு, அழுத்தாம தள்ளுங்க. களிமண் சத்தம் போடாம வழுக்கிட்டு போச்சுன்னா அந்த இடம் முடிஞ்சுது. கீழ விழுந்த கிளேய தூக்கிப் போட்டுடுங்க, கழுவி திரும்ப யூஸ் பண்ணலாம்னு நெனச்சா அந்த மணல வச்சு நீங்களே கீறுவீங்க.

அடுத்தது பாலிஷ். பாதி பேருக்கு இங்கதான் குழப்பம். பாலிஷ்னா தேய்ச்சு எடுக்கறது, வாக்ஸ்னா மேல பூசறது. கருப்பு வண்டில வெயில்ல பாத்தா சிலந்தி வலை மாதிரி வட்டம் வட்டமா தெரியுதுல்ல, வெளிச்சம் நேரா திரும்பாம அந்தக் கீறல்ல பட்டு சிதறுது, அதான் மங்கலா தெரியுது. அத பாலிஷ்தான் சமன் பண்ணும். ஆனா கிளியர்கோட் பொதுவா 40, 50 மைக்ரான்தான், நம்ம தலைமுடியே சுமாரா 70 மைக்ரான் இருக்கும். மாசாமாசம் பாலிஷ் போட்டா கொஞ்ச வருஷத்துல தேய்க்க ஒண்ணும் மிச்சமிருக்காது. லேசான பாலிஷ், மெத்துனு இருக்கற ஃபோம் பேட், ஒரு சின்ன இடத்துல டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு போதலன்னா மட்டும் அடுத்தது. முடிஞ்சதும் தண்ணி கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால துடைச்சு பாலிஷ் எண்ணெய எடுத்துடுங்க. அதுக்கப்புறம்தான் வாக்ஸ் டப்பாவ திறக்கணும். முதல்ல கவர் டெஸ்ட் பண்ணிட்டு வந்து சொல்லுங்க.

ஞாயித்துக்கிழமை வாஷர்: 100 சதவீதம் கார்னோபான்னு போட்ட டப்பா வாங்கலாமா சார்?

முழுக்க கார்னோபான்னா அது செங்கல் மாதிரி கல்லா இருக்கும், விரலால எடுத்து பூசவே முடியாது. பிரேசிலோட வடகிழக்குப் பக்கம் வளர்ற ஒரு பனை வகை, அதோட ஓலைல படியற மெழுகு அது. உருகறதுக்கே 82ல இருந்து 86 டிகிரி வேணும். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்பு குடுக்கறதும் இதேதான். டப்பாக்குள்ள கரைப்பான், எண்ணெய், வேற மெழுகு எல்லாம் கலந்துதான் வரும், அந்த 100 சதவீதம் உள்ள இருக்கற கார்னோபா கலப்படமில்லாததுன்னு சொல்றது, அவ்ளோதான். ஒண்ணு ரெண்டு மாசம் நிக்கும். சிந்தடிக் சீலன்ட், அதாவது வாக்ஸுக்குப் பதிலா பூசற செயற்கைப் பூச்சு, நாலு மாசம், ஆறு மாசம் தாங்கும். கார்னோபால ஒரு ஆழமான மினுமினுப்பு இருக்குன்னு சொல்வாங்க, கருப்பு, செவப்பு வண்டில எனக்கும் அப்படித்தான் தோணும். வெள்ளை வண்டில எது எதுன்னு கேட்டா சத்தியமா எனக்கே தெரியாது.

புதுசு: ப்ரோ எந்த வாக்ஸ் பெஸ்ட்?

முதல் பதில் படிங்க.

தினம் ஒரு தொடைப்பு: நான் தெனமும் காலைல காய்ஞ்ச துணியால வண்டிய துடைச்சிடுவேன், சுத்தமா வச்சிருக்கேன், ஆனாலும் கோடு கோடா வருதே ஏன்?

நீங்களே போட்ட கோடுங்க அது! தூசின்னா பொடி மணல். காய்ஞ்ச துணில அத தேய்க்கறது உப்புத்தாள் போடறதுக்கு சமம். என்கிட்ட வர்ற பத்து வண்டில எட்டு வண்டி இந்தக் கேஸ்தான். காய்ஞ்ச துணியால துடைக்காதீங்க, துடைக்காதீங்க, துடைக்காதீங்க. தண்ணி இல்லன்னா அழுக்கா இருந்துட்டுப் போகட்டும், அழுக்கு வண்டிய கீறாது, அத தேய்ச்சாத்தான் கீறும்.

சிக்கன ஸ்டார்: பாத்திரம் கழுவற சோப்பு போடலாமா?

வாக்ஸ் போடறதுக்கு முன்னாடி பழைய வாக்ஸ எடுக்க ஒரு தடவை போட்டா ஒண்ணும் ஆகாது. வாராவாரம் வேணாம், போட்ட வாக்ஸ் எல்லாம் அதோட போயிடும்.

கோட்டிங் தம்பி: வாக்ஸ் எல்லாம் பழைய காலம் அண்ணே. 9ஹெச் செராமிக், அதான் பெயிண்ட் மேல இறுகி நிக்கற கோட்டிங், போட்டா கீறலே விழாது, வைரத்துக்கு அடுத்த ஹார்ட்னஸ்.

வந்துட்டாரய்யா. தம்பி, அந்த 9ஹெச் பென்சில் அளவு. 6பில இருந்து 9ஹெச் வரைக்கும் பென்சில வச்சு கோட்டிங்க கீறிப் பாப்பாங்க. வைரத்துக்கு அடுத்ததுன்னு நீங்க சொல்றது கல்லோட கடினத்த அளக்கற மோஸ் அளவுல 9, அது மாணிக்கக் கல்லு. உங்க வண்டி மேல மாணிக்கமா பூசியிருக்காங்க?

கோட்டிங் தம்பி: பென்சிலோ என்னமோ, கீறல் விழலல்ல?

பென்சிலால விழாது. ரோட்ல பென்சிலா பறக்குது? மணல்ல இருக்கற குவார்ட்ஸ் மோஸ்ல 7, பென்சில் முனைய விட ரொம்ப கடினம். கோட்டிங்கோட தடிமனோ ஒண்ணு ரெண்டு மைக்ரான்.

ஞாயித்துக்கிழமை வாஷர்: அப்ப செராமிக் ஏமாத்தா சார்? எங்க மச்சான் இப்பதான் போட்டாரு.

அப்படி சொல்லலையே. நல்லா போட்டா வருஷக்கணக்குல நிக்கும், அழுக்கு லேசுல ஒட்டாது, கழுவறது சுலபம். நானே போட்டுக் குடுக்கறேன். கீறல் விழாதுன்னு சொல்லி விக்கறதுதான் எனக்குப் புடிக்கல.

கோட்டிங் தம்பி: என் வண்டில தண்ணி முத்து முத்தா உருளுது, உங்க வாக்ஸ்ல ஆறு மாசம் கழிச்சு அப்படி உருளுமா?

உருளாது, ஒத்துக்கறேன். ஆனா தண்ணி முத்து கட்டறது மேற்பரப்போட குணம், அதுவே பாதுகாப்பு ஆகிடாது. அந்த முத்து வெயில்ல அப்படியே காய்ஞ்சா உப்புத் தண்ணி வட்டம் வட்டமா கறை விடும், செராமிக் மேலயும்தான். இன்னொண்ணு, கோடு இருக்கற பெயிண்ட் மேல பாலிஷ் போடாம கோட்டிங் போட்டா அந்தக் கோட்ட கண்ணாடிக்குள்ள ஃப்ரேம் போட்ட மாதிரி. எடுக்கணும்னா கோட்டிங்கையே தேய்ச்சு எடுக்கணும். மறுபடி முதல் பதில்தான் தம்பி, கழுவி, கிளே போட்டு, பாலிஷ் பண்ணி. இத்தோட இந்தப் பேச்ச விடுவோம், மத்தவங்க காத்திருக்காங்க.

பம்பர் பாவம்: பம்பர் இடிச்சு புதுசா பெயிண்ட் அடிச்சாங்க, போன வாரம். வாக்ஸ் போடலாமா?

வேணாங்க. ஒர்க்‌ஷாப் பெயிண்ட்ல கரைப்பான் இன்னும் வெளிய வந்துட்டு இருக்கும், மேல மூடாதீங்க. குறைஞ்சது 30 நாள், அடிச்சவர் அதுக்கு மேல சொன்னா அவர் பேச்சக் கேளுங்க. கம்பெனில இருந்து வர்ற புது வண்டிக்கு இந்தக் கணக்கு இல்ல, அது சூளைல சுட்டு வந்தது.

மேட் ஃபினிஷ்: பளபளப்பு இல்லாத மேட் பெயிண்ட்டுக்கு என்ன வாக்ஸ்?

ஒண்ணும் போடாதீங்க. மேட்டுக்குன்னு தனியா பொருள் இருக்கு, அது மட்டும்.

புதுசு 2: வெள்ளை காருக்கு எந்த வாக்ஸ் பெஸ்ட்?

முதல் பதில்.

பறவை வேடன்: காக்கா எச்சம் பட்ட இடத்துல தடம் விழுந்திருக்கு.

ஊற வைக்காம தேய்ச்சிருப்பீங்க, இல்ல வெயில்ல விட்டிருப்பீங்க. வெயில்ல பெயிண்ட் விரியும், எச்சம் மேல காய்ஞ்சு இறுகும், சாயங்காலம் பெயிண்ட் சுருங்கறப்ப அந்தத் தடம் அப்படியே பதிஞ்சிடும், போதாததுக்கு அமிலம் வேற. இனிமே ஈரப் பேப்பர மேல போட்டு பத்து நிமிஷம் விட்டு அப்படியே தூக்கி எடுங்க. இப்ப விழுந்த தடம் லேசா இருந்தா பாலிஷ்ல போகும், நகம் வச்சா தட்டுச்சுன்னா போகாது.

வெள்ளைத் திட்டு: கருப்பு பிளாஸ்டிக்ல வாக்ஸ் பட்டு வெள்ளையா நிக்குது. அப்புறம் எவ்ளோ தடிமனா பூசணும்?

அடுத்த தடவை மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு ஆரம்பிங்க, இப்ப மெத்துனு இருக்கற பிரஷ்ல ஷாம்பு போட்டு தேய்ங்க. தடிமன்னு ஒண்ணு கிடையாது, இருக்கா இல்லையான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு மெல்லிசா. மேல விரல் வச்சு இழுங்க, சுத்தமா வழி விட்டுச்சுன்னா துடைக்கலாம், இழுவினா இன்னும் காயல. நிழல்ல, பானட் தொட்டா சில்லுன்னு இருக்கறப்ப. துடைக்கறது சுத்தமான மைக்ரோஃபைபர், அத துவைக்கறப்ப கம்ஃபர்ட் மாதிரி எதுவும் ஊத்தாதீங்க.

பல்லு பளிச்: கீறலுக்கு டூத்பேஸ்ட் தேய்க்கலாமா?

பல்லுக்கு தேய்ங்க.

தினம் ஒரு தொடைப்பு: துணிக்குப் பதிலா கோழி இறகு டஸ்டர்?

ஐயோ. இல்ல. வேணாம்.

கருப்பு செடான்: அண்ணே, கவர் மாட்டி தடவிப் பாத்தேன். பானட், கூரை ரெண்டும் கரகரன்னு சக்கரை மேல தடவற மாதிரி இருக்கு. கதவு பரவால்ல.

படுக்கையா இருக்கற பேனல்லதான் எல்லாம் வந்து விழும், சரியாத்தான் இருக்கு. அப்ப கிளே பானட், கூரை, டிக்கி மூணுக்கும் முழுசா, கதவுக்கு கீழ் பாதி மட்டும் போதும். நாளைக்கு வெயில் ஏறதுக்கு முன்னாடி ஆரம்பிங்க. வாக்ஸ் டப்பா வீட்டுக்குள்ளயே இருக்கட்டும், நாளைக்கு அதுக்கு வேலை இல்ல.