பம்பரம், பஸ் போர்டு, பல்லாங்குழி: சின்னப் பிள்ளைகளின் படிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 3 முதல் 7 வயதுக் குழந்தைகளின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் எழுதியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 5 வயது, யூ.கே.ஜி. படிக்கிறாள். உயிரெழுத்து, க ங ச வரிசை எல்லாம் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் ‘மரம்’ என்று எழுதிக் காட்டினால் வாசிக்கத் தெரியவில்லை. ம, ர, ம் என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். ஆங்கில வழிப் பள்ளி, தமிழ் வகுப்பு குறைவு. வீட்டில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் ஒன்று, சகோதரி. உங்கள் மகளிடம் எந்தக் குறையும் இல்லை. எழுத்துகளை வரிசையாகச் சொல்லப் பழக்கினோம், சொல்கிறாள். சேர்த்து வாசிக்க யாரும் இன்னும் பழக்கவில்லை, அவ்வளவுதான். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வரவேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள், அதற்குள் குழந்தைக்குத் தமிழே அலுத்துப்போகிறது.

ப, ட, ம, ர என்ற நான்கே எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி வைத்தால் சத்தம் சுருக்கென்று நின்றுவிடும் என்று வாயால் சொல்லிக் காட்டுங்கள். இந்த நான்கையும் புள்ளியையும் வைத்துக்கொண்டே படம், மரம், மடம், பட்டம், மட்டம், ரம்பம், பம்பரம் எல்லாம் வந்துவிடும். பழைய காலண்டர் அட்டையை வெட்டி எழுத்துக்கு மூன்று நான்கு துண்டு எழுதித் தரையில் பரப்புங்கள். ‘ம’வை நகர்த்தி ‘ர’வுக்குப் பக்கத்தில் வைக்கும்போது உங்கள் வாயும் இரண்டு சத்தத்துக்கும் நடுவில் மூச்சு விடாமல் மமம-ரரர-ம்ம் என்று இழுக்க வேண்டும். நாம் ம, ர, ம் என்று வெட்டி வெட்டிச் சொல்வதால்தான் குழந்தையால் ஒட்டவைக்க முடிவதில்லை. ‘பம்பரம்’ வாசிக்கும்போது அவள் இரண்டாவது ‘ப’வையும் முதல் ‘ப’ மாதிரியே அழுத்திச் சொன்னால் உடனே திருத்த வேண்டாம், இரண்டு முறை வாசித்ததும் “ஓ, பம்பரமா!” என்று அவளாகவே சரியாகச் சொல்லிவிடுவாள், ஏனென்றால் அந்தச் சொல் ஏற்கெனவே அவள் காதில் இருக்கிறது. ஆரம்பத்தில் அவளுக்குத் தெரிந்த சொற்களையே கொடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்புறம் துணைக்கால். அதே எழுத்துகளோடு ஒரு கால் சேர்ந்ததும் மாமா, பாப்பா, மாடம், பாரம் என்று புதிதாக ஒரு கூட்டமே வந்துவிடும் (தாத்தாவைப் ‘பாட்டா’ என்று கூப்பிடும் நாகர்கோவில் பக்கத்து வாசகர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்). பெரும்பாலான உயிர்மெய்களுக்கு இப்படி ஒரே அடையாளம்தான், ஓர் எழுத்தில் பிடிபட்டால் மற்ற 17 எழுத்திலும் பிடிபடும். சிரமம் கொடுப்பது உகர ஊகார வரிசைகள். கு, சு, டு, து, மு, நூ, ரூ என்று ஆளுக்கொரு வடிவம், அந்த 36 எழுத்தையும் ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும், அதனால் அவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அவசரமே வேண்டாம். கொம்பு எழுத்துகளிலும் பொறுமை தேவை. ‘கெ’யில் கொம்பு கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, சத்தமோ பின்னால் வருகிறது, 5 வயதுக்கு இது நிஜமாகவே குழப்பம்தான். வீட்டில் தாத்தா பாட்டி எழுதிக் காட்டுவதாக இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு படித்தவர்கள் சிலர் லை, னை, றா, னா போன்றவற்றைப் பழைய வடிவத்திலேயே எழுதுவார்கள், அவள் புத்தகத்தில் இருப்பது வேறு.

இதையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது தினமும் ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டுவதைத்தான். நாம் “வீட்டுல இருந்தாங்க” என்று பேசுகிறோம், புத்தகம் “வீட்டில் இருந்தார்கள்” என்கிறது. இந்த எழுத்துத் தமிழ் காதில் விழாத குழந்தைக்கு, எழுத்தைக் கூட்டி வாசித்த பிறகும் அது என்ன சொல்கிறது என்று புரியாது. மடியில் உட்காரவைத்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டி வாசியுங்கள், நடுவில் நிறுத்தி “அப்புறம் என்ன ஆகும்?” என்று கேளுங்கள். அதே கதையையே பத்தாவது முறையாகக் கேட்டாலும் வாசியுங்கள், அது நல்ல அறிகுறி. புத்தகம் வாங்க வசதியில்லை என்றால் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிக்கும் திறனைப் பொறுத்து நிலை பிரித்தே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டும் நல்ல வாசிப்பு இடம்தான். ‘பழனி’ போர்டு எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், ‘தேனி’யும் ‘மதுரை’யும் பிறகு வரட்டும்.

கேள்வி: நானும் மனைவியும் தமிழ் வழியில் படித்தவர்கள். மகன் ஒன்றாம் வகுப்பு, ஆங்கில வழி. ஃபோனிக்ஸ் வகுப்புக்குத் தனியாக அனுப்பச் சொல்லி அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். எங்கள் உச்சரிப்பை நம்பி வீட்டில் சொல்லிக்கொடுக்கத் தயக்கமாக இருக்கிறது. அனுப்பலாமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: பள்ளியிலேயே ஃபோனிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றால் தனி வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு இடத்தில் இரண்டு வரிசையில் எழுத்துகள் வந்தால் பையன்தான் குழம்புவான். பள்ளி எந்த வரிசையில் போகிறது என்று ஆசிரியையிடம் கேட்டு அதையே வீட்டில் பின்பற்றுங்கள்.

விஷயம் இதுதான். ஆங்கிலத்தில் எழுத்து 26, சத்தங்கள் ஏறக்குறைய 44. எழுத்தின் பெயரைச் சொல்லி மனப்பாடம் செய்வதற்குப் பதிலாக எழுத்தின் சத்தத்தைச் சொல்லிச் சேர்ப்பதுதான் ஃபோனிக்ஸ். நம் பள்ளிகள் பலவற்றில் இருக்கும் ஜாலி ஃபோனிக்ஸ் முறை ஏ, பி, சி என்று போகாது. எஸ், ஏ, டேபிளில் வரும் டி, ஐ, பென்சிலில் வரும் பி, என் என்று ஆறு எழுத்தில் தொடங்கும், ஏனென்றால் அந்த ஆறே எழுத்தில் சிட், பின், டின், பேன், டேப் என்று நிறையச் சொற்கள் உடனே கிடைத்துவிடும். மேலே நான்கு தமிழ் எழுத்துக்குச் சொன்ன அதே யோசனைதான்.

தமிழ் வழியில் படித்ததால் உங்களிடம் ஒரு பலம் இருக்கிறது, புள்ளி. பலர் ஆங்கில மெய்ச் சத்தங்களை ஸு, பு, டு என்று வால் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள், சேர்த்தால் ஸு-இ-டு என்று ஆகிறது, அதிலிருந்து ‘சிட்’ வரவே வராது. நீங்கள் ஸ், இ, ட் என்று புள்ளி வைத்த எழுத்தாக நினைத்துச் சொல்லுங்கள். ஸ், ம், ன், ல் இவற்றை நீட்டலாம், ப், ட், க் இவற்றை நீட்டவே முடியாது, வெடுக்கென்று விட்டுவிட வேண்டும்.

கவனம் தேவைப்படும் இடம், நம் எழுத்தில் ஒன்றாக இருந்து ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும் சத்தங்கள். குத்தும் பின்னையும் குப்பை போடும் பின்னையும் நாம் ஒரே மாதிரிதான் எழுதுவோம். பையன் கையைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மெதுவாகச் சொல்லட்டும், குப்பைத்தொட்டிக்கு உதடு பிரியும்போதே தொண்டை அதிரும், குண்டூசிக்கு உதடு பிரிந்த பிறகுதான் அதிரும். டேபிள், டோர் இரண்டுக்கும் இதே சோதனைதான். உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் சொல்லை அகராதிச் செயலியில் ஒலிக்கவிட்டு அவனோடு சேர்ந்து நீங்களும் சொல்லிப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவன் உண்மையில் வாசிக்கிறானா, பார்த்த சொல்லை நினைவில் வைத்துச் சொல்கிறானா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு 40 சொற்களை வாசிக்கவைத்து ஒரு சோதனை நடத்துகிறார்கள், அதில் 20 சொற்கள் அர்த்தமே இல்லாதவை. அர்த்தமில்லாத சொல்லை மனப்பாடம் செய்திருக்க முடியாது, எழுத்தைக் கூட்டித்தானே ஆகவேண்டும். வீட்டிலும் இப்படி அசட்டுச் சொற்கள் எழுதி, அவை வேற்றுக்கிரகத்து ஆட்களின் பெயர் என்று சொல்லி விளையாடலாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். தி, வாஸ், செட் (the, was, said) மாதிரி சத்தத்துக்கு அடங்காத சில சொற்களை மட்டும் பார்த்துப் பழக வேண்டியதுதான்.

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. எல்.கே.ஜி.யில் தினமும் ஒரு பக்கம் எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலைப் பார்த்தாலே அழுகிறான்.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: எழுதவைக்காதீர்கள். அந்த விரல்கள் இன்னும் அதற்குத் தயாராகவில்லை. சப்பாத்தி மாவு உருட்டட்டும், பட்டாணி உரிக்கட்டும், காகிதம் கிழிக்கட்டும், சுவரில் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு பெரிது பெரிதாக இழுக்கட்டும். விஜயதசமியன்று அரிசியில் எழுதவைத்த தாம்பாளத்தை உள்ளே வைத்துவிடாமல் ரவையோ மணலோ பரப்பி வாரம் முழுதும் விரலால் எழுதவிடுங்கள். பள்ளியில் போய் இதைத் தயங்காமல் சொல்லுங்கள், கேட்கும் ஆசிரியர்கள் நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி: பேரனுக்கு 5 வயது நிரம்பப் போகிறது. ஒன்று முதல் நூறு வரை ஆங்கிலத்தில் சொல்கிறான். ஆனால் “ஏழு ஸ்பூன் எடுத்துட்டு வாடா” என்றால் கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு வருகிறான். கணக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது. பகல் முழுதும் அவன் என்னோடுதான் இருக்கிறான்.
– ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நூறு வரை சொல்வது பாட்டு மாதிரி, வாய்க்கு வந்துவிடும். ஒரு பொருளுக்கு ஓர் எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது தனி வேலை, அது நிதானமாகத்தான் வரும். நீங்கள் கேட்ட ஏழு ஸ்பூன்தான் மிகச் சரியான சோதனை, ஆனால் ஏழில் தொடங்காமல் மூன்றில் தொடங்குங்கள். மூன்று தவறாமல் வந்தால் நான்கு. எண்ணும்போது ஒவ்வொன்றையும் தொட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தட்டும், முடிந்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். திரும்ப ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம், கோபப்படாமல் நாளைக்கு மறுபடி.

பகல் முழுதும் உங்களோடு இருப்பது அவனுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு, இதைவிட நல்ல கணக்கு வகுப்பு எனக்குத் தெரியவில்லை. பல்லாங்குழியை எடுங்கள். 14 குழி, குழிக்கு ஐந்து முத்து போட்டு ஆடினால், ஒவ்வொரு குழியிலும் ஒன்று ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவதே ஒன்றுக்கு ஒன்று எண்ணும் பயிற்சி. நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுக்கும் ஆட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதில் எண்ணாமலேயே நான்கைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொள்வான். தாயக்கட்டையில் இரண்டு கட்டையையும் உருட்டி மூன்றும் இரண்டும் ஐந்து என்று சொல்வது கூட்டல்தானே. வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், ‘7 புள்ளி, இடைப்புள்ளி 4 வரை’ என்றால் 7, 6, 5, 4 என்று பின்னோக்கி எண்ணிப் புள்ளி வைக்க அவனும் வரட்டும். சமையலறையில் பழைய ஆழாக்கும் படியும் இருந்தால் விட்டுவிடாதீர்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்து அளந்து கொட்டி எட்டு ஆழாக்கில் படி நிறைவதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்குப் பின்னால் அரை, கால் எல்லாம் புதிதாக இருக்காது.

பரமபதமும் ஆடுங்கள், ஆனால் ஒரு விஷயம் கவனமாக. அவன் காய் 6-ல் நிற்கிறது, 2 விழுந்தது என்றால் “ஒன்று, இரண்டு” என்று சொல்லி நகர்த்தக் கூடாது, கட்டத்தில் இருப்பதை வாசித்து “ஏழு, எட்டு” என்று சொல்லி நகர்த்த வேண்டும். அமெரிக்காவில் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வசதி குறைந்த வீட்டு 4, 5 வயதுக் குழந்தைகளோடு 1 முதல் 10 வரை எழுதிய நேர்வரிசை அட்டையில் இப்படித்தான் ஆடினார்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை ஆடியதிலேயே எது பெரிய எண், எந்த எண் எங்கே வரும் என்ற புரிதல் நன்றாக முன்னேறியதை 2008-ல் வெளியிட்டார்கள். எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்த அட்டையில் ஆடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பரமபதத்தில் வரிசை ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமுமாகத் திரும்புவதால் சின்னப் பிள்ளைக்குக் குழப்பம் வரும், அதனால் முதலில் தரையில் சாக்பீஸால் பத்துக் கட்டம் நேராகப் போட்டு ஆடிவிட்டு அதற்கு வாருங்கள்.

அவன் ஆங்கிலத்தில் எண்ணுவதைத் தடுக்க வேண்டாம், நீங்கள் தமிழில் எண்ணுங்கள். தர்ட்டீன், தர்ட்டி இரண்டும் காதில் ஒன்றுபோல விழுந்து பிள்ளைகள் தடுமாறுவார்கள், பதிமூன்று, முப்பதில் அந்தத் தொல்லை இல்லை. பத்து ஈர்க்குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக்கி, ஒரு கட்டும் மூன்று குச்சியும் பதிமூன்று, மூன்று கட்டு முப்பது என்று கையில் கொடுத்துவிட்டால் இன்னும் தெளிவு.

கேள்வி: மகன் இரண்டாம் வகுப்பு, 7 வயது முடிந்துவிட்டது. எண்களைத் திருப்பி எழுதுகிறான், வாசிக்கும்போது எழுத்துகளை விட்டுவிடுகிறான். “கவனமில்லை” என்று டியூஷனில் அடிக்கிறார்கள். இது டிஸ்லெக்சியா என்கிறார்களே, அந்த வாசிப்புக் குறைபாடா?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அந்த டியூஷனை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். எழுத்தையும் எண்ணையும் திருப்பி எழுதுவது 5, 6 வயதில் மிகச் சாதாரணம், 7 வயதிலும் சிலருக்குத் தொடரும், அதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் உங்கள் மகனுக்கு வாசிப்பும் தடுமாறுகிறது என்பதால் காத்திருக்க வேண்டாம். முதலில் கண்ணும் காதும் பரிசோதியுங்கள், சரியாகக் கேட்காததால் வாசிப்பு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அதன் பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க் குழந்தைகள் பிரிவில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேளுங்கள், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறிவதற்கான மையம் அது, அரசுச் சேவை என்பதால் கட்டணம் இல்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இந்தப் பிரச்சினைக்காகவே பல ஆண்டுகளாக இயங்குகிறது. போகும்போது அவனுடைய பள்ளி நோட்டுகள் இரண்டு மூன்றையும், வாசிக்கும்போது எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்று நீங்கள் குறித்துவைத்ததையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.