அக்கா எழுதிக் கொடுத்துவிட்டால் போதுமா? உயில் இல்லாத வீட்டின் பங்குக் கணக்கு

கேள்வி: நாங்கள் மதுரையில் இருக்கிறோம். அப்பா போன வருஷம் உயில் எழுதாமல் காலமானார். 1994-ல் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு ஒன்று, அவர் பெயரில் ஒரு ஹார்டுவேர் கடை. அம்மா, கல்யாணமான அக்கா, நான், சிங்கப்பூரில் தம்பி. அப்பத்தாவும் எங்களோடுதான் இருக்கிறார். அக்கா தனக்கு எதுவும் வேண்டாம் என்று 20 ரூபாய் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா? பின்னால் வீட்டை விற்றால் வரி வருமா? கடையை நானே நடத்தலாமா?

பதில்: போதாது. 100 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள அசையாச் சொத்தில் ஒருவர் தன் உரிமையை எழுதி விட்டுக்கொடுத்தால், அந்தப் பத்திரம் பதிவாகியே தீர வேண்டும். நோட்டரி முத்திரை வாங்கினாலும் அந்தத் தாளால் அக்காவின் பங்கு உங்களுக்கு வராது. நாளைக்கு வீட்டை வாங்க வருகிறவரின் வக்கீல் அதைத் தள்ளி வைத்துவிட்டு, அக்காவைக் கையெழுத்துக்குக் கூப்பிடுங்கள் என்பார்.

அக்காவைவிடப் பெரிய விஷயம் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்திருக்கிறது. அது அப்பத்தா. நீங்கள் இந்துக் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன். மற்றவர்களுக்குக் கணக்கு வேறு. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் அவருடைய தாயும் உண்டு. ஆக உங்கள் வீட்டில் பங்கு நாலு இல்லை, ஐந்து. அப்பத்தா, அம்மா, அக்கா, நீங்கள், தம்பி, ஆளுக்கு ஐந்தில் ஒன்று. அக்காவுக்கு எந்த வருஷம் கல்யாணமானது என்ற கேள்வியே இங்கே எழாது. மகள்களுக்குப் பங்கு தந்த 1989, 2005 திருத்தங்களை வைத்து நடக்கும் வாதமெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. இது அப்பாவின் சுயசம்பாத்தியம்.

அப்பத்தாவை விட்டுவிட்டுப் பத்திரம் போட்டால் என்ன ஆகும்? அவர் காலத்துக்குப் பிறகு அந்த ஐந்தில் ஒரு பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். உங்களுக்குப் பெரியப்பாவும் அத்தையும் இருந்தால் அவர்களும் இந்த வீட்டில் பங்குதாரர்கள். வீடு விலைபேசி முடிந்த நேரத்தில் இது கிளம்பினால் அட்வான்ஸ் வாங்கிய கையோடு நிற்க வேண்டியதுதான். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்துத் திருத்துங்கள். அந்தச் சான்றிதழ் வாரிசு யார் என்று காட்டும், அவ்வளவுதான், பங்கை நிர்ணயிக்காது. பட்டாவும் அப்படித்தான். ஐந்து பேர் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பட்டாவில் ஒரு பெயர் இல்லை என்பதால் அவருடைய உரிமை போய்விடாது.

சரி, அக்கா மனமார விட்டுக்கொடுக்கிறார் என்றால் அதற்கு வழி விடுதலைப் பத்திரம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் உயர்த்தியபடி, குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை விடுகிற பங்கின் மதிப்பில் 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. வீடு 60 லட்சம் என்றால் அக்காவின் பங்கு 12 லட்சம்; 12,000-மும் 10,000-மும் சேர்த்து 22,000 ரூபாய். இந்தத் தொகையை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். யாருக்காக விடுகிறார் என்பதையும் தெளிவாக எழுதுங்கள். உங்கள் பெயருக்கு மட்டும் விட்டால் உங்கள் பங்குதான் கூடும், தம்பிக்கோ அம்மாவுக்கோ அதில் எதுவும் சேராது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அப்பா போன துக்கத்தில் பெண்கள் “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிடுவார்கள். பத்திரம் பதிவான பிறகு அக்கா தானாக ரத்து செய்ய முடியாது. ஏமாற்றியோ கட்டாயப்படுத்தியோ வாங்கியதாக நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதனால் வரைவை அவர் வீட்டுக்கு அனுப்பி, அவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரிடம் காட்டட்டும், அவசரப்படுத்தாதீர்கள். அம்மாவிடம் விடுதலை கேட்கவே கேட்காதீர்கள். அவர் பங்கு அவர் பெயரிலேயே இருக்கட்டும், குடியிருக்கும் வீட்டில் அதுதான் அவருக்குப் பலம்.

தம்பி நேரில் வர முடியாவிட்டால் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தில் கையெழுத்திட்டு அனுப்பலாம். அது இங்கே வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். இந்த ஒரு வீட்டுக்கு, இந்த ஒரு வேலைக்கு மட்டும் என்று எழுதுங்கள். பொது பவர் வேண்டாம்.

வரிக்கு வருவோம். வாரிசாக வந்ததற்கு இந்தியாவில் வரி கிடையாது. அக்கா உங்களுக்கு விட்டுக்கொடுப்பதற்கும் உங்களிடம் வருமான வரி கேட்க மாட்டார்கள். விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி, அதாவது விற்று வரும் லாபத்துக்கான வரி. அப்பா 1994-ல் வாங்கியதால், 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. இங்கே வசிக்கும் உங்களுக்கு 12.5 சதவீதம், அல்லது பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், எது குறைவோ அது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தத் தேர்வு இல்லை. தம்பி அந்த நிலையில் இருந்தால் அவர் பங்குத் தொகையில் வாங்குகிறவர் கூடுதலாக வரி பிடிப்பார். விலை பேசும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள். கிடைக்கும் ஆதாயத்தில் 2 ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால் பெரும்பகுதி விலக்கு கிடைக்கும்.

கடையை நீங்கள் நடத்தலாம், ஆனால் அப்பாவின் ஜிஎஸ்டி எண்ணில் பில் போடக் கூடாது. உரிமையாளர் இறப்பு என்று காரணம் காட்டி உங்கள் பெயரில் புதிய பதிவு எடுங்கள். பழைய பதிவில் மீதமிருக்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கியபோது கட்டிய, இன்னும் கழித்துக்கொள்ளாத ஜிஎஸ்டியை) ஐடிசி-02 படிவம் மூலம் புதியதற்கு மாற்றி, பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். ரத்து முதலில் நடந்துவிட்டால் அந்த வரவை மீட்பது பெரும்பாடு. இருப்பில் உள்ள சரக்கிலும் ஐந்து பேருக்கும் பங்கு உண்டு, அதனால் அப்பா இறந்த அன்றைய கணக்குப்படி ஸ்டாக் பட்டியல் எடுத்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். அப்பா இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு, சட்டப்பூர்வ வாரிசாக வருமான வரித் தளத்தில் பதிவு செய்து நீங்களே ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். பாக்கி ஏதும் வந்தால் அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் நீங்கள் பொறுப்பு.