புது வோட்டர் பம்ப் எஞ்சினுக்கு எந்த ஒயில் ஊற்றுவது?

கேள்வி கேட்ட தம்பி மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் கச்சானுக்குத் தண்ணீர் இறைக்க 5.5 குதிரைவலு பெற்றோல் பம்ப் ஒன்று புதிதாக வாங்கியிருக்கிறார். கடையில் 20டபிள்யூ-50 போத்தலைக் கொடுத்து விட்டிருக்கிறார்கள். மாமாவோ ட்ரக்டருக்கு வைத்திருக்கும் 15டபிள்யூ-40 போதும் என்கிறாராம்.

இந்த மெசின்களைத் திருத்துவதுதான் என் தொழில். தம்பி, எஸ்.ஏ.ஈ 30 என்ற தடிப்பு எண் போட்ட ஒயிலை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 10டபிள்யூ-30. எதுவானாலும் போத்தலில் பெற்றோல் எஞ்சினுக்கான தரக் குறியாக ஏ.பி.ஐ எஸ்.ஜே, இல்லையென்றால் அதற்குப் பிந்திய எஸ்.எல், எஸ்.எம், எஸ்.என் என்று ஏதாவது போட்டிருக்க வேண்டும்.

10டபிள்யூ என்பது குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதற்கான எண். மார்கழி விடியலில்கூட மட்டக்களப்பில் அந்த எண்ணுக்குப் பெரிதாக வேலை இல்லை. சூடேறிய பிறகுள்ள தடிப்பைச் சொல்வது 30 என்ற எண். அதனால் அப்போது எஸ்.ஏ.ஈ 30, 10டபிள்யூ-30 இரண்டும் ஏறத்தாழ ஒரே தடிப்புத்தான். ஆனால் 27 பாகைக்கு மேற்பட்ட வெக்கையில் 10டபிள்யூ-30 கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்று பிரிக்ஸ் அன்ட் ஸ்ட்ராட்டன் போன்ற எஞ்சின் கம்பனிகளே சொல்கின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம்முடைய பகல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் 10டபிள்யூ-30 ஊற்றினால் தினமும் மெசினைத் தொடக்குமுன் அளவு பாருங்கள்.

20டபிள்யூ-50 ஊற்றியதும் மெசின் கெட்டுவிடப் போவதில்லை. ஆனால் இந்தச் சின்ன எஞ்சின்கள் பெரும்பாலானவற்றில் ஒயில் பம்ப் கிடையாது. கனெக்டிங் ரொட்டின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி போன்ற துண்டு ஒயிலை அடித்துச் சிதறவிட்டுத்தான் எல்லா இடமும் நனைகிறது. தேவைக்கு மேல் தடித்த ஒயில் அப்படிச் சிதறுவது கஷ்டம். மாமாவின் 15டபிள்யூ-40 போத்தலில் சி.ஐ-4 என்ற டீசல் தரக் குறியோடு எஸ்.எல் என்றும் இருந்தால் அவசரத்துக்குப் பாதகமில்லை.

இனி, ஒயில் வகையை விட நான் பெரிதாக நினைக்கும் விஷயம். இந்த எஞ்சின்களில் ஒயில் பில்டரும் இல்லை. புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று தேய்ந்து படியும்போது உதிரும் இரும்புத் தூள் முழுவதும் அதே ஒயிலிலேயே சுற்றும். முதல் ஒயிலை இறக்கும்போது ஒரு வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் பிடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள்: மினுமினுவென்று தூள் மிதப்பது கண்ணுக்கே தெரியும். அதனால் இதே அளவு எஞ்சினான ஹொண்டா ஜி.எக்ஸ்160க்கு முதல் ஒயிலை ஒரு மாதத்தில் அல்லது 20 மணித்தியாலத்தில், எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். பிறகு 6 மாதம் அல்லது 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கச்சானுக்கு இறைக்கிறவருக்கு 20 மணித்தியாலம் சில நாளிலேயே வந்துவிடும். மெசின் இளஞ்சூட்டில் இருக்கும்போது இறக்கினால் தூளும் சேர்ந்து வரும். இவ்வளவு சீக்கிரம் இறக்கப் போகும் ஒயிலுக்கு விலை கூடிய சிந்தெட்டிக் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

அளவு முக்கியம். புது எஞ்சின் பெரும்பாலும் ஒயில் இல்லாமல்தான் பெட்டியில் வரும். உங்களுடைய 5.5 குதிரைவலு அளவு எஞ்சின் பிடிப்பது சுமார் 0.6 லீற்றர். ஒரு லீற்றர் போத்தலை அப்படியே கவிழ்க்கிறவர்கள் நிறையப் பேர். அப்படி ஊற்றினால் ஒயில் நுரைத்து எயார் கிளீனருக்குள் ஏறும், புகை கக்கும். மெசினைச் சமதரையில் வைத்து, ஊற்றும் வாயின் கீழ் விளிம்பு மட்டும் வந்ததும் நிறுத்துங்கள். அப்புறம், வாய்க்கால் வரம்பில் சரித்து வைத்து ஓட்டாதீர்கள். ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தக் கரண்டிக்கு எட்டாது.

உங்களுடையது பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மெசின் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலோடு கலக்கும். ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடினால், ஒயில் அளவு பார்க்கும் குச்சியை முகர்ந்தால் மண்ணெண்ணெய் மணத்தால், மணித்தியாலக் கணக்கைப் பார்க்காமல் உடனே மாற்றுங்கள். சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவதும், நிறுத்துமுன் பெற்றோலுக்குத் திருப்பாமல் விடுவதும்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

மருந்து விசிறும் மெசினுக்கும் இதே ஒயிலா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அது டூ ஸ்ட்ரோக் என்றால் இல்லை. அதற்குப் பெற்றோலோடு கலக்கும் டூ-ரீ (டூ ஸ்ட்ரோக்) ஒயில் வேண்டும், ஜாசோ எப்.டி என்ற தரக் குறி போட்டிருந்தால் நல்லது. கலவை அளவு மெசினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். கடற்கரைப் பக்கம் சொந்தக்காரர் படகு எஞ்சினுக்கு வைத்திருக்கும் டி.சி-டபிள்யூ3 என்று போட்ட ஒயிலை அதில் கலக்காதீர்கள். அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது. காற்றில் குளிரும் எஞ்சினின் சூட்டுக்கு ஈடுகொடுக்காது.