அந்த ஓட்டல்ல எந்த வளிமண்டலம்?

கேள்வி: என் பையன் புதுசா திறந்த ஒரு ஓட்டலுக்குப் போயிட்டு வந்து "செம அட்மாஸ்ஃபியர்மா"ங்கறான். நான் படிச்ச வரைக்கும் அட்மாஸ்ஃபியர்னா வளிமண்டலம், ராக்கெட் தாண்டிப் போற சமாச்சாரம். வீட்டுக்காரர் என்னடான்னா அது நம்ம 'ஆத்மா'லேருந்து போன வார்த்தைன்னு அடிச்சு சொல்றார். எது சரி?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல்ல வீட்டுக்காரர் விஷயத்தை முடிச்சிடுவோம். ஒரு காலத்துல வெளிநாட்டு அறிஞர்களே ரெண்டும் ஒரே குடும்பம்னு நினைச்சாங்க, அதனால அவரை ரொம்ப கிண்டல் பண்ணாதீங்க, ஆனா இப்ப அதை யாரும் ஒத்துக்கறதில்ல. ஆத்மாவுக்கு நிஜ சொந்தக்காரன் ஜெர்மன்காரங்க மூச்சுக்கு சொல்ற 'ஆட்டெம்'. அட்மாஸ்ஃபியர் வேற குடும்பம். கிரேக்கத்துல 'அட்மோஸ்'னா ஆவி (இட்லி ஆவிங்க, பேய் இல்ல), 'ஸ்ஃபைரா'ன்னா உருண்டை. ஆக பூமியைச் சுத்தி நிக்கற ஆவி உருண்டை. ஆனா பழைய கிரேக்கர்களுக்கு இந்த வார்த்தையே தெரியாது, 17ஆம் நூற்றாண்டுல ஐரோப்பிய அறிஞர்கள் ரெண்டையும் ஒட்டி லத்தீன்ல செஞ்சது.

இதுல எனக்குப் பிடிச்ச கூத்து என்னன்னா, இங்கிலீஷ்ல இது முதமுதலா தட்டுப்படறது 1638ல, நிலாவுல ஒரு உலகம் இருக்குன்னு ஜான் வில்கின்ஸ்ங்கற 24 வயசுப் பையன் வாதாடி எழுதின புத்தகத்துல, அதுவும் நிலாவோட காத்தைப் பத்தி பேசும்போது. நிலாவுல காத்துன்னு சொல்லிக்கற மாதிரி ஒண்ணுமே இல்லைங்கறது பாவம் அவருக்குத் தெரியாது.

உங்க பையன் சொல்ற அர்த்தம், அதாவது ஒரு இடத்தோட மனநிலை, வந்தது ரொம்ப பின்னாடி, 1800 வாக்குல. கண்ணுக்குத் தெரியாம நம்மளைச் சுத்தி இருக்கு, ஆனா மேல வந்து அழுத்துது, காத்துக்கும் இது பொருந்தும், மாமியாரும் மருமகளும் பேசாம உக்காந்திருக்கற ஹாலுக்கும் பொருந்தும். அப்படி ஒட்டிக்கிட்டதுதான்.

நம்மாளுங்க உஷார், ரெண்டையும் பிரிச்சுட்டாங்க. காத்துக்கு வளிமண்டலம், மத்ததுக்கு சூழ்நிலை. என்ன, 'ஓட்டல் சூழ்நிலை அருமை'ன்னா கட்டுரை நோட்டு வாசனை அடிக்குது, அதான் பையன் இங்கிலீஷுக்கு ஓடறான். அதுக்கு நம்மகிட்ட நல்ல பேச்சு வார்த்தையே இருக்கே: கடை களை கட்டியிருந்துச்சு.