அந்த மரவீடு யார் நிலத்தில் இருக்கிறது?

கேள்வி: அமெரிக்கச் சரித்திரக் காதல் நாவல்களாகத் தேடித் தேடி வாசித்து வருகிறேன். பாதிக் கதைகளில் லகோட்டா என்ற அமெரிக்கப் பூர்வகுடி வீரன் ஒருவன், ஒரு வெள்ளைக்காரப் பெண், பின்னால் ஒரு போர். நிலத்துக்காக நடந்த சண்டையிலிருந்து இத்தனை காதல் கதைகள் எப்படிக் கிளம்புகின்றன? "கடைசியில் காதல் இரண்டு இனத்தையும் சேர்த்துவைக்கிறதே, அதில் என்ன தப்பு?" என்கிறாள் என் தோழி.
— வாசகி ஒருவர், பழநி

பதில்: தோழியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள். கடைசி அத்தியாயத்தில் இருவரும் சேர்ந்து ஒரு மரவீடு கட்டுவார்களே, அது யார் நிலத்தில் இருக்கிறது?

நாவலில் பதில் கிடைக்காது. 1868ஆம் ஆண்டு லாரமி கோட்டை ஒப்பந்தத்தில் கிடைக்கும். இன்றைய தெற்கு டகோட்டாவில் மிசூரி ஆற்றுக்கு மேற்கே உள்ள பகுதி, லகோட்டாக்கள் பஹா சாபா என்று சொல்லும் கருங்குன்றுகள் உட்பட, அவர்களுக்கே உரியது என்று அமெரிக்க அரசு கையெழுத்திட்டது. பன்னிரண்டாம் பிரிவு இன்னும் கறார்: வயதுவந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்துப் போடாமல் அந்த நிலத்தில் எதையும் விட்டுக்கொடுத்தால் செல்லாது. ஆறே வருடம்தான். 1874ல் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு குன்றுகளுக்குள் போனார். தங்கம் இருக்கிறது என்ற சேதி வெளியே வந்தது, சுரங்கக்காரர்கள் புற்றீசல் மாதிரி கிளம்பினார்கள். 1876 ஜனவரி 31க்குள் லகோட்டாக்கள் எல்லோரும் அரசு முகாம்களுக்கு வந்துவிட வேண்டும் என்று கெடு. ஜூனில் லிட்டில் பிக்ஹார்ன் சண்டை. கஸ்டர் கதை அங்கே முடிந்தது. மறுவருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டம் போட்டுக் குன்றுகளை எடுத்துக்கொண்டது. முக்கால்வாசி கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர்கள் பத்தில் ஒரு பங்கு.

இதை இப்படியே எழுதினால் நாயகியின் அப்பாவோ அண்ணனோ நிலத்திருடன் ஆகிவிடுவான். அவளோடு சேர்ந்து கண்ணீர் விட வேண்டிய வாசகிக்கு அது சரிப்படாது. எழுத்தாளர்கள் கண்டுபிடித்த வழிதான் கடத்தல். அவள் தானாகவா வந்தாள்? லகோட்டாக்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆகவே நிலப் பறிப்பில் அவளுக்குப் பங்கில்லை. ஒரே அத்தியாயத்தில் கை கழுவியாயிற்று.

கடத்தல் கதை புதுச்சரக்கு இல்லை. மாசசூசெட்ஸில் பூர்வகுடிகளிடம் பிடிபட்டு மீண்ட மேரி ரோலண்ட்சன் 1682லேயே தன் அனுபவத்தைப் புத்தகமாக்கினார். 1864ல் ஓக்லாலா லகோட்டாக்களிடம் அகப்பட்டு ஐந்து மாதம் அலைந்த ஃபேனி கெல்லியின் புத்தகம் 1871ல் வந்தது. இவற்றில் பயமும் பசியும்தான் இருக்கின்றன, காதல் இல்லை. பின்னால் வந்தவர்கள் பயத்தை மெல்ல எடுத்துவிட்டு அந்த இடத்தில் அகன்ற மார்பை வைத்தார்கள். அட்டைப்படத்தைப் பார்த்தாலே தெரியுமே.

புறநானூற்றில் மகட்பாற் காஞ்சி என்று ஒரு துறை. பெண் கேட்டு வேந்தன் வருவான், தகப்பன் மறுப்பான், ஊர் அழியப்போகிறதே என்று புலவன் பதறுவான். அங்கே பெண்ணால் ஊர் கெடுகிறது. இங்கே ஊர் கெட்டால்தான் பெண்ணுக்குக் கல்யாணம்!

லகோட்டா என்ற பெயர்கூட இந்த வகையில் ஒரு உடுப்புதான். 'டான்ஸஸ் வித் வுல்வ்ஸ்' 1988ல் நாவலாக வந்தபோது அதில் இருந்தவர்கள் கமான்சிகள் என்ற வேறொரு பூர்வகுடியினர். 1990ல் படமானபோது லகோட்டாக்களாகிவிட்டார்கள். இன்னொரு கூத்து: லகோட்டா நாயகன் வரும் ஒரு நாவலில், காதலர்கள் கூடிக் களைத்த கையோடு, கருங்கால் ஃபெரட் என்கிற கீரி போன்ற பிராணியைப் பற்றிப் பாடப்புத்தக நடையில் பேசிக்கொள்வார்கள். வனவிலங்குப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றிலிருந்து உருவிய வரிகள் அவை என்று 2008ல் வாசகிகளே கண்டுபிடித்தார்கள். நிலத்தைப் பார்க்காமல் எழுதினால் ஃபெரட்டைக்கூடக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

நிஜமான காதல் இல்லாமலா போயிற்று? 1890ல் லகோட்டாக்களின் குடியிருப்புப் பகுதியான பைன் ரிட்ஜுக்கு அரசு மருத்துவராக வந்தவர் சார்லஸ் ஈஸ்ட்மன், டகோட்டாப் பெயர் ஒஹியேசா. லகோட்டாக்களின் உறவினமான சான்டீ டகோட்டா. பாஸ்டனில் மருத்துவம் படித்தவர். பைன் ரிட்ஜுக்குப் பள்ளிகளை மேற்பார்வையிட வந்த வெள்ளைக்காரக் கவிஞர் எலெய்ன் குட்டேல். சந்தித்த சில வாரங்களிலேயே கல்யாணம் என்று முடிவாயிற்று. டிசம்பர் 29 அன்று பக்கத்தில் வூண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் லகோட்டாக்களைச் சுட்டது. கிறிஸ்துமஸ் தோரணங்களை இறக்கியிராத தேவாலயத்தில் பெஞ்சுகளை அகற்றி, வைக்கோல் பரப்பி, காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள். அவர் வைத்தியம் பார்க்க, அவள் பணிவிடை செய்தாள். பனிப்புயல் ஓய்ந்ததும் அவர் உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று தேடப் போனார். ஒரே குழியில் புதைக்கப்பட்டவர்கள் மட்டும் 146 பேர். 1891 ஜூனில் நியூயார்க்கில் கல்யாணம், பிறகு ஆறு குழந்தைகள். 1921ல் பிரிந்துவிட்டார்கள். இந்தக் காதல் எந்த இரண்டு இனத்தைச் சேர்த்துவைத்தது என்று தோழி சொல்லட்டும்.

கருங்குன்று வழக்கு 1980ல் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்தது. எடுத்தது தப்பு, வட்டியோடு நஷ்டஈடு கொடு என்று தீர்ப்பு. அன்றைக்கே பத்துக் கோடி டாலருக்கு மேல். இன்று நூறு கோடியைத் தாண்டிவிட்ட அந்தப் பணத்தை லகோட்டாக்கள் தொடவில்லை. வாங்கினால் விற்றதாகிவிடுமாம். அவர்கள் நேர்செய்ய மறுக்கிற கணக்கைத்தான் உங்கள் நாவல்காரர்கள் ஒரு முத்தத்தில் நேர்செய்துவிடுகிறார்கள்.

காதலும் கல்யாணமும்தான் வேண்டுமென்றால் எல்லா டெலோரியா (Ella Deloria) என்பவரின் 'வாட்டர்லில்லி' நாவலை வாசியுங்கள். அவர் டகோட்டா இனத்து மொழியியல் அறிஞர். 1940களில் எழுதி முடித்தார், அச்சில் வந்தது 1988ல், அவர் இறந்து 17 வருடம் கழித்து. வெள்ளைக்கார நாயகி கிடையாது என்பதைத் தோழியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.