பாய் பேச எவ்வளவு செலவாகும்?

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்குத் தொட்டால் பேசுகிற பத்தமடைப் பாய் செய்யப் போகிறாளாம். அவள் ஆச்சியின் குரலைப் பதிந்து வைக்க ஆசை. ஆன்லைனில் 1,900 ரூபாய்க்கு ஒரு கிராஃப்ட் எலெக்ட்ரானிக்ஸ் கிட் பார்த்து வைத்திருக்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, வீரவநல்லூர்

பதில்: வேண்டாம். கிட்டின் படத்தை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். எல்இடி கைநிறைய இருக்கும், மோட்டார் இருக்கும், கலர் கலராக ஒயர் இருக்கும். குரலைப் பதிகிற போர்டு இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. கண்காட்சி முடிந்ததும் டப்பா பரணுக்குப் போய்விடும்.

உங்களுக்கு வேண்டியது இரண்டே போர்டுகள். ஒன்று, டிடிபி223 என்கிற டச் சென்சார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். மற்றது, ஐஎஸ்டி1820 என்கிற குரல் பதியும் போர்டு. பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினால் பத்து நொடி பதியும், பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது. "வாளா, உக்காரு, காப்பி குடிக்கியா?" என்று ஆச்சி சொல்லி முடிக்கப் பத்து நொடி தாராளம். கூடவே குட்டி ஸ்பீக்கர், சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி இரண்டு, ஸ்விட்ச் வைத்த பேட்டரி பெட்டி, நாலைந்து ஒயர். விலை கடைக்குக் கடை மாறும். ஆனாலும் எல்லாம் சேர்ந்து நானூறு ரூபாய்க்குள் முடிய வேண்டும். ரீசார்ஜ் பேட்டரி போடாதீர்கள், இரண்டும் சேர்ந்தே 2.4 வோல்ட்தான் வரும். சாதாரண பேட்டரியில் 3 வோல்ட் கிடைக்கும், இரண்டு போர்டுக்கும் அது போதும்.

ஃபேனும் ட்யூப்லைட்டும் விற்கிற எலெக்ட்ரிக்கல் கடையில் இவை கிடைக்காது. டிவி, ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கிறவரிடம் சாமான் எங்கே வாங்குகிறார் என்று கேட்டு அந்தக் கடைக்குப் போங்கள். பேட்டரியைக் கையோடு கொண்டுபோய், காசு கொடுக்கும் முன்பு அங்கேயே ஒரு வார்த்தை பதிந்து கேட்டுவிடுங்கள். சென்சாரில் மூன்று கால்களும் பற்றவைக்காமல் வெறும் ஓட்டையாக இருந்தால், ஈயம் வைத்துத் தரச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் ஒயரைச் செருகுவதோடு வேலை முடிந்துவிடும். இரண்டு கால்கள் பேட்டரிக்கு, மூன்றாவது கால் குரல் போர்டில் 'பிளே ஈ' என்று எழுதியிருக்கும் இடத்துக்கு. குரல் போர்டுக்கும் அதே பேட்டரிதான்.

மிச்சப் பணத்தைப் பாயில் போடுங்கள். பார்க்க வருகிறவர் தொடப்போவது கோரையைத்தானே? வீரவநல்லூரிலிருந்து பத்தமடை பஸ்ஸில் சிறிது தூரம்தான், நெய்கிறவர்களிடமே போய் வாங்கலாம். துணி மாதிரி மடிக்கக்கூடிய பட்டுப் பாய் இதற்கு அவசியமில்லை. பெரிய பாயை வாங்கி வெட்டவும் வேண்டாம், பாவு நூல் அறுந்தால் கோரை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்துவிடும். ஓரம் கட்டிய சின்ன மேஜை விரிப்பாகக் கேளுங்கள். பிளாஸ்டிக் கலந்ததா என்ற சந்தேகம் இருந்தால் ஓரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கோரையில் ஒரு கீற்று மாதிரி இன்னொன்று இருக்காது, நிறம் கொஞ்சம் ஏறி இறங்கும். பிளாஸ்டிக்கில் எல்லாம் அச்சு அடித்தாற்போல ஒரே தடிமன்.

காய்ந்த கோரையில் மின்சாரம் பாயாது. அதனால் சென்சாரைப் பாயின் அடியில் ஒட்டினாலே மேலே கை வைத்ததும் தெரிந்துகொள்ளும். ஒட்டி முடித்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள், போட்டு ஒரு நொடி கையை எடுத்துவிடுங்கள். சென்சார் தன்னைச் சரிபார்த்துக்கொள்கிற நேரம் அது. நான் ஒரு தடவை அழுக்காக இருக்கிறதே என்று பாயை ஈரத் துணியால் துடைத்துவிட்டு வைத்தேன். ஆள் கிட்டே போகாமலே பாய் பேச ஆரம்பித்துவிட்டது. அடைமழை நாளில் கண்காட்சி என்றால் பாயை நன்றாக உலர்த்தி எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

கேள்வி: பனையோலைப் பொம்மையைக் கை அசைக்க வைக்க ஆன்லைனில் ஆர்டுயினோ கிட் வாங்கினேன், கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி ஏற்றுகிற குட்டி போர்டு அது. கம்ப்யூட்டரில் போர்டு தெரியவே இல்லை. பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார் விற்றவர்.
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சண்டைக்கு முன்னால் ஒயரை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏறுகிற யூஎஸ்பி ஒயர்கள் நிறைய உண்டு. போர்டில் விளக்கு எரியும், கம்ப்யூட்டருக்குத் தகவல் போகாது. விலை குறைந்த போர்டுகளில் சிஎச்340 என்ற சிப் இருக்கும். அதோடு பேசக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய டிரைவர் என்கிற மென்பொருள் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

இரண்டும் சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் போர்டு பழுது. பெட்டியைத் திறக்காமல் பழுது எப்படித் தெரியும் என்று அவரிடமே கேளுங்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. போர்டு தெரியாததை வீடியோ எடுத்து, பில்லையும் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: அம்பாசமுத்திரம் மரச் செப்புச் சாமானுக்குள் பட்டன் செல்லும் எல்இடியும் வைத்து, அடுப்பு எரிகிற மாதிரி செய்திருக்கிறேன். இரண்டு வயதுப் பேத்திக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: கொடுக்காதீர்கள். பட்டன் செல்லை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். தீர்ந்துபோன செல்லும் அப்படித்தான். டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன் என்று சொல்லாதீர்கள், இரண்டு வயசு விரலுக்கு டேப் ஒரு பொருட்டா? திருகாணி போட்டு மூடுகிற பெட்டிக்குள் சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி வைத்து மாற்றுங்கள். குட்டி எல்இடியும் வாய்க்குப் போகிற அளவுதான், அது வெளியே வராதபடி உள்ளேயே அடைத்துவிடுங்கள். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.