மணியின் பனியன்

அன்புள்ள சார்,

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய். கல்லூரியில் படிக்கும் என் மகள், அவள் அப்பாவின் பழைய பனியனை வெட்டித் தைத்து, முதுகில் ‘இந்தி தெரியாது போடா’ என்று எழுதி மணிக்கு மாட்டிவிட்டாள். சாயங்காலம் பீச்சுக்குக் கூட்டிப்போனால் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். போன வாரம் காந்தி சிலை பக்கத்தில் பெரியவர் ஒருவர், “தமிழை எழுத நாய் முதுகுதான் கிடைச்சுதா?” என்று சத்தம் போட்டார். “சும்மா விளையாட்டுக்கு அங்கிள்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். கருத்துச் சுதந்திரம் என்கிறார் என் கணவர். எனக்கு மணியைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. நான் நினைப்பது தப்பா?

லாஸ்பேட்டை வாசகி (பெயர் வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். 2020இல் அந்த வாசகம் எழுதிய டி-ஷர்ட் பரவியபோது நடிகர்கள் முதல் கல்லூரிப் பிள்ளைகள் வரை போட்டுக்கொண்டார்கள். மணிக்கு இந்தி தெரியாது என்பதும் உண்மைதான். ஆனால் நம் ஊர் நாய்களுக்குப் பெயர் மணியாக இருந்தாலும் உத்தரவெல்லாம் இங்கிலீஷில்தான். ‘சிட்’, ‘கம்’, ‘கோ’. கீரை விற்கிற அம்மாகூட நாயிடம் பேசும்போது இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறார். ஏன் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

நீங்கள் பாவப்படுவது நியாயம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். கடலோரக் காற்றின் ஈரத்தில் அதுவும் சரியாக நடக்காது. இதில் பனியன் வேறு. காதை மடக்கி, வாலை இடுக்கி, நகர மறுத்து நின்றான் என்றால் கழற்றிவிடுங்கள்.

நான் வளர்ந்தது பண்ருட்டிப் பக்கம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பு சீவிப் பெயிண்ட் அடிப்போம். கருப்பும் சிவப்பும் என்றால் ஒரு கட்சி. நடுவில் வெள்ளைக் கோடு ஒன்று இழுத்தால் எதிர்க்கட்சி. என் சித்தப்பா ஒரு பொங்கலுக்கும் அடுத்த பொங்கலுக்கும் நடுவே கட்சி மாறினார். ஒரு சின்ன டப்பா பெயிண்டில் காளையும் மாறிவிட்டது. அதே காளை, அதே புண்ணாக்கு. அன்று சாயங்காலம் ஊர்வலம் போகும்போது ஒரு வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து கல் வந்தது. சித்தப்பாவுக்கு வந்த கல்தான். பட்டது காளைக்கு, கண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே. கண் பிழைத்தது, தழும்பு கடைசிவரை இருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுக் கொம்புகளுக்கு ரோஸ் கலர். அந்தக் கலரில் ஊரில் எந்தக் கட்சியும் இல்லை.

1989 தேர்தலில் அ.தி.மு.க. இரண்டாகி, ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. சின்னத்துக்கு உயிர் இருந்தால் கட்சிக்காரர் சும்மா இருப்பாரா, கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பின்னாளில் தேர்தல் ஆணையம் விலங்குகளையும் பறவைகளையும் புதிதாகச் சின்னமாகக் கொடுப்பதை நிறுத்தியது. பிரசாரத்தில் விலங்குகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2012இல் கட்சிகளுக்குச் சொன்னது. அப்படியும் 2019 மக்களவைத் தேர்தலில், வாக்குப்பதிவு நாளன்று மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் நாயின் மேல் கட்சி ஸ்டிக்கர் ஒட்டிக் கூட்டிவந்தவரைப் போலீஸ் பிடித்தது. கூடவே நாயையும். அது என்ன வாக்குமூலம் கொடுத்ததோ!

சிலி நாட்டுச் சாந்தியாகோவில் ஒரு கருப்புத் தெருநாய் இருந்தது. 2011 மாணவர் போராட்டங்களில் கழுத்தில் சிவப்புத் துணியோடு வந்து போலீஸைப் பார்த்துக் குரைத்துப் பேர் வாங்கியது. 2017இல் செத்துப்போனது, 2019 போராட்டத்தில் சுவரெல்லாம் அதன் படம். துணி மனிதர் கட்டியதுதான். ஆனாலும் கூட்டத்துக்குள் போய் நின்றது அதன் இஷ்டம். மணியைப் பீச்சுக்குக் கயிற்றில்தானே கூட்டிப்போகிறீர்கள்?

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது “சும்மா விளையாட்டுக்கு அங்கிள்” என்ற பதில்தான். யோசித்துப் பாருங்கள், அந்தப் பெரியவரும் உங்கள் மகளைப் போலத் தமிழின் பக்கம்தான். தமிழில் நாய் என்பதே வசவு. அதன் முதுகில் தமிழ் ஏறினால் திட்டு யாருக்குப் போய்ச் சேரும் என்று அவருக்குக் கோபம். நல்ல கேள்வி. நின்று பேசியிருந்தால் இரண்டு பேருக்கும் ஒரு சுவையான சாயங்காலம் கிடைத்திருக்கும். வாசகம் நாய் மேல் இருந்ததால் நழுவ வழி இருந்தது. தன் சட்டையில் இருந்திருந்தால் நழுவியிருக்க முடியாது, பதில் சொல்லியிருப்பாள். கல்லூரியில் படிக்கிற பெண், சொல்லத் தெரியாமலா இருக்கும்?

உங்கள் கணவர் சொல்வதும் சரி, சுதந்திரம் இருக்கிறது. அது அவளுடையது. அந்த வாசகத்தை அவளே போட்டுக்கொண்டு பீச்சில் நடக்கட்டும். மணி வெறும் உடம்போடு கூட வரட்டும்.

அப்புறம், உங்களுக்கு ஒரு வேலை. மணியிடம் ‘உட்கார்’ என்று சொல்லிப் பாருங்கள். என்ன செய்தான் என்று எழுதுங்கள்.